ஊரணியில் கால் படாமல் காத்தவர்

பெரியநாயகி அம்மாள் காலமான செய்தி எனக்குப் புதுவயலில் கிடைத்தது. அங்கே ஓர் அரிசி ஆலையில், வண்டிகளில் வரும் நெல் மூட்டைகளை இறக்கிக் கிட்டங்கியில் அடுக்க வைப்பது என் வேலை. முந்தின இரவு வேலை இருந்ததால் ஆலையிலேயே தங்கியிருந்தேன். அன்று காலை எங்கள் ஊரிலிருந்து முதல் வண்டி ஓட்டி வந்தவர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"தண்ணிக்கரை அம்மா போயிட்டாகய்யா. ஊரணிக்குப் போகணும்னு கயித்தை எடுத்துக்கிட்டுக் கெளம்புனாகளாம். வாசல்லயே உக்காந்தவுகதான், எந்திரிக்கலையாம்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஆலை மேஸ்திரி, வயது என்ன என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். "அப்பறமென்ன, கல்யாணச் சாவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அறுபத்தெட்டு வயதில் ஒருவர் செத்தால் வருத்தப்பட ஒன்றுமே இல்லையாம்! அன்று காலை எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பில் உலை ஏறியிருக்காது. அது அவருக்குத் தெரியுமா? வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊருக்கு நடந்தேன்.

இதை எழுத வேண்டும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. அம்மாள் இறந்த ஐந்தாம் நாள் எங்கள் ஊர்ச் சங்கத்தார் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார்கள். அனுதாபத் தீர்மானமாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் படி எடுத்துத் தர வேண்டுமாம். படித்தேன். "அம்மையார் வயோதிகத்தின் தளர்ச்சியையும் பொருட்படுத்தாது, தமது ஓய்வு நேரத்தில், முன்னொரு காலத்தில் தாம் அறியாமல் ஊருக்கு இழைத்த தீங்குக்குப் பிராயச்சித்தமாக, ஊரணிக் கரையில் தொண்டாற்றி வந்தார்கள்" என்று எழுதியிருந்தது.

தளர்ச்சியா? பதினாறு வருஷம் நாள் தவறாமல் நிறைகுடங்களைக் கயிற்றில் இழுத்துத் தூக்கிய கைக்குத் தளர்ச்சியா? ஓய்வு நேரமா? ஊர் கண் விழிக்கும் முன்பே எழுந்து போவதற்குப் பெயர் ஓய்வு நேரமா? இந்த இரண்டையும்கூட மன்னித்து விடுவேன். பிராயச்சித்தம் என்ற சொல்லை மன்னிக்க மாட்டேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் அதை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் நடந்தது நடந்தபடி தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாளும் நானும் ஒரே தெரு. அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஆகையால் அவர் எனக்கு மதினி. விவசாயம் செய்யும் சம்சாரிக் குடும்பம். அண்ணன் இறந்தபோது மதினிக்கு ஐம்பத்தோரு வயது. வயலை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள், வீட்டை மருமகள்கள் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதம் மூலையில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். ஐந்தாம் மாதம் மதினி எங்கள் சங்கத்து வாசலில் வந்து நின்றார்.

எங்கள் சங்கம் என்றால் படித்த வாலிபர்கள் சேர்ந்து நடத்திய வாசகசாலை. அதோடு ஒரு தொண்டர் படையும் உண்டு. நான்தான் காரியதரிசி. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, மண்டைக் கனத்துக்கு மட்டும் வயது கணக்கில்லை. தேர்த் திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தொண்டர்கள் தேவை என்று தமுக்கு அடித்திருந்தோம். அதைக் கேட்டுத்தான் மதினி வந்திருந்தார்.

"என்ன கொழுந்தனாரே, தொண்டுக்கு ஆள் வேணும்னீகளாம்ல? என் பேரை எழுதிக்கிருங்க" என்றார்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் சட்டம் என்றேன்.

"யாரு போட்ட சட்டம்?"

"நாங்கதான் போட்டோம்."

"அப்ப நீங்களே அழிச்சிருங்க. அம்பது வயசு வரைக்கும் நாத்து நட்டேன், களை பறிச்சேன், அஞ்சு புள்ளை பெத்து மூணைக் காப்பாத்துனேன். அதெல்லாம் இந்தக் கைகாலுக்குத் தெரியும்ல? அம்பத்தோராவது வயசுல அது எங்குட்டுப் போயிரும்?"

உள்ளே இருந்த வாலிபர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வீட்ல பேரப் பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க மதினி" என்று புத்தி வேறு சொன்னேன். அதற்கு அவர், "நிம்மதியா இருக்கச் சொல்றவுக எல்லாரும் என்னை இருக்கிற எடம் தெரியாம இருக்கத்தான் சொல்றாக" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. இன்றைக்குத்தான் அந்தப் பேச்சு எனக்கு நன்றாக உறைக்கிறது.

எங்களிடம் அனுமதி கிடைக்காததால் அவரே ஒரு தொண்டைத் தேடிக்கொண்டார். எங்கள் ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர் தருவது ஒரே ஊரணி. நாலு பக்கமும் செம்புறைக்கல் படி. அதில் மாடு இறங்கும், துணி துவைப்பார்கள், கேட்பார் கிடையாது. மதினி விடியற்காலையில் போய்ப் படியில் நிற்க ஆரம்பித்தார். மாட்டை விரட்டினார். துணி மூட்டையோடு வந்தவர்களைக் கண்மாய்க்குத் திருப்பி அனுப்பினார். உதிர்ந்த இலையை எல்லாம் கூடையில் அள்ளினார். தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடம், "வயக்காட்டுச் சேத்தோட வராதீகத்தா. கடைசிப் படியில நின்னு காலை நல்லா அலம்பிட்டுக் குடத்தை முக்குங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அழுக்குக் காலோடு குடிதண்ணீரைத் தொடுவது பெரிய மரியாதைக் கேடு. ஆகவே எல்லோரும் அவர் சொன்னதைச் சந்தோஷமாகவே செய்தார்கள். ஊரணி பளிச்சென்று ஆயிற்று.

அடுத்த கோடையில் நரம்புச் சிலந்தி வந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணுக்காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்ததுபோல் எரியும். அது உடைந்ததும் உள்ளேயிருந்து நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் படுக்கைதான். எங்கள் பக்கத்துக்கு அது புதிய நோயல்ல. ஆனால் அந்த வருஷம்போல் தெருவுக்குத் தெரு குழந்தைகள்கூடப் படுத்துக் கிடந்து நான் பார்த்ததில்லை. எரிச்சல் தாங்காமல் வந்தவர்களை மதினியே கைத்தாங்கலாக அழைத்துப் போய், கடைசிப் படியில் உட்கார வைத்து, காலைத் தண்ணீரில் விடச் சொன்னார். இரக்கத்தால் செய்தார்.

அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். ஊரணித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலில் பிடித்து, அதில் துள்ளும் தூசி போன்ற பூச்சிகளைக் காட்டினார். "அம்மா, புண்ணுள்ள கால் தண்ணீரில் பட்டதும் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடுகிறது. அதை இந்தப் பூச்சி தின்கிறது. பூச்சியோடு தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த வருஷம் புழு வரும். தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள். ஒரு காலும் தண்ணீரில் படக் கூடாது" என்றார்.

மதினி குவளையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "காலை அலம்பச் சொன்னது நானுங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்டர் அங்கிருந்து எங்கள் வாசகசாலைக்கு வந்தார். அங்கே நானும் சங்கத் தலைவரும் மட்டும் இருந்தோம். "இரண்டு வருஷத்துக்கு முன்பே இதையெல்லாம் தமிழில் அச்சடித்து உங்கள் சங்கத்துக்கு அனுப்பியிருந்தோமே, ஊரில் யாரும் படித்துச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். அந்தத் துண்டறிக்கைக் கட்டு வந்தது உண்மை. அதைப் பிரித்து, படிக்காமலே, புத்தகங்களில் கறையான் ஏறாமல் இருக்க அலமாரித் தட்டுகளில் விரித்தவன் நான். எழுத்துத் தெரியாத ஒரு பெண்மணி ஊரணியில் நின்று தனக்குத் தெரிந்த சுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, எழுத்துத் தெரிந்த நாங்கள் எழுத்தின்மேல் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் போன பிறகு தலைவர், "வெளியில விட்டுறாதீக. சங்கத்துக்கு அசிங்கம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மதினி என்ன செய்தார் தெரியுமா? புழு கண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தார். வாசலில் நின்று, "நான் காலை அலம்பச் சொன்னதுலதான் இப்படி ஆச்சு. தெரியாமச் செஞ்சேன். இனிமே தண்ணியில காலை வைக்காதீக, வடிகட்டாமக் குடிக்காதீக" என்று சொன்னார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாள். "அடிக்கணும்னா அடிச்சுக்கத்தா. ஆனா வடிகட்டு" என்றாராம். தப்புச் செய்யாத மனுஷி தப்பை ஒப்புக்கொண்டு வெயிலில் அலைந்தார். தப்புச் செய்த நான் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

ஊர்க் கூட்டம் கூடியது. "கிழடு கட்டைக கையில காரியத்தைக் கொடுத்தா இப்படித்தான்" என்றார் ஒருவர். "இவுகளை யாரு கூப்பிட்டாக?" என்றார் இன்னொருவர். சங்கத் தலைவர் எழுந்து, ஐம்பது வயது கடந்தவர்கள் இனிமேல் எந்தப் பொதுக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதை எழுதிய கை இதே கைதான். மதினி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை மதினி ஊரணிக்கரையில் நின்றார்! தீர்மானத்தை அவர் சட்டையே செய்யவில்லை. தன் பங்கு நிலத்தில் நின்ற ஒரு பனையை வெட்ட வைத்து, தடியைப் பிளந்து, படியிலிருந்து தண்ணீருக்கு மேலாக நீட்டிப் பாலம்போலப் போட வைத்தார். அதில் நின்று, வருகிறவர்களின் குடத்தை அவரவர் குடமாகவே கயிற்றில் கட்டி, தண்ணீரில் இறக்கி, இழுத்துக் கொடுத்தார். யார் காலும் நனைய வேண்டியதில்லை. ஒண்டியாகச் செய்ய முடியாத வேலை அது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற சுப்பையா என்பவர் வந்து சேர்ந்தார். மதினியின் வயதை ஒட்டிய இரண்டு பெண்களும் வந்தார்கள். எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள்தான். ஊரில் வேறு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எத்தனை பேச்சு கேட்டார்! அதிகாலையில் ரங்கூனுக்குப் பயணம் கிளம்பிய ஒரு செட்டியார், தாலி இழந்தவர் கரையில் நிற்பதைப் பார்த்து, "போற காரியத்துக்கு இவுக முகத்துலயா முழிக்கணும்?" என்று வண்டியைத் திருப்பச் சொன்னார். மதினி விடவில்லை. "எம் முகம் ஆகாது, எங் கைத்தண்ணி மட்டும் உங்க வீட்டுக் காப்பிக்கு ஆகுமாக்கும்? ஆச்சிகிட்டக் கேட்டுட்டுப் போங்க" என்றார். வண்டிக்காரன் சிரித்துவிட்டான். செட்டியார் வண்டியைத் திருப்பாமலே பயணம் போனார்.

இன்னொரு சண்டை இதைவிடப் பெரிது. படியில் இறங்க விடாமல் ஊரார் தள்ளி வைத்திருந்த சேரிப் பெண்கள், யாராவது மனமிரங்கி ஊற்ற மாட்டார்களா என்று மேட்டில் குடத்தோடு காத்திருப்பார்கள். மதினி அவர்கள் குடத்தையும் வாங்கிக் கயிற்றில் கட்டினார். நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். "ஒரே கயித்துலயா?" என்று கேட்டார்கள். "உங்களுக்குத் தனிக் கயிறு வேணும்னா வீட்டுல இருந்து கொண்டாங்க, கட்டி எறைச்சுத் தாரேன். அவுகளுக்குப் புழு வந்தா அவுக காலோட நின்னுருமா? இருக்கிறது ஒரே தண்ணி" என்றார். ஏழு வீட்டுக்காரர்கள் தனிக் கயிறு கொண்டுவந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்! அந்த ஏழில் எங்கள் வீடும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் அனுதாபத் தீர்மானம்போலத்தான் ஆகும்.

மூன்றாவது கோடையில் புழு கண்டவர்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது கோடையில் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பாராட்டினார். மாலை யாருக்குப் போட்டார்கள்? சங்கத் தலைவருக்கு! அதன் பிறகு சங்கத்து வாலிபர்கள் சிலர், நாங்களும் கரையில் நிற்கிறோம் என்று மதினியிடம் போனார்கள்.

மதினி சிரித்துக்கொண்டே, "இங்க அம்பது வயசு முடியாதவுகளைச் சேர்க்கிறதில்ல. சட்டம்" என்றார். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, "கோவிச்சுக்காதீகப்பு. உங்களுக்கு வயக்காடு இருக்கு, கடை இருக்கு, கைப்புள்ளை இருக்கு. விடியக்காலம் மூணு மணி நேரம் சேந்தாப்புல நிக்க எங்களாலதான் முடியும். அம்பது முடிஞ்சதும் வாங்க, கயிறு எங்குட்டும் போயிறாது" என்றார்.

எனக்கு ஐம்பது முடிந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு. மறுநாளே போய் நின்றேன். பனந்தடியில் கால் வைக்கும் முன், அந்தத் துண்டறிக்கை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். கட்டு வந்தது, விரித்தது, வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். மதினி குடத்தை இழுத்துக் கரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இத்தனை வருஷமும் படுக்கப் போகையில எல்லாம், அந்தப் புள்ளைக காலைக் கெடுத்தவ நானுன்னுதானே கொழுந்தனாரே படுத்தேன்" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா ரெண்டு பேருமாப் போயி வீடு வீடாச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லுங்க. ஆனா இப்பக் குடம் காத்துக்கிட்டு இருக்கு, கயித்தைப் பிடிங்க" என்றார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வெள்ளிக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அவருக்கு இருந்த நாள் அவ்வளவுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செய்தி வந்த அன்றே அவரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டுத் திரும்பினோம். சித்திரை வெயில். முழுகி வரவேண்டிய கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. கால்கூட நனைக்காமல் தெருவுக்குள் நுழையக் கூடாதே என்று கூட்டம் தயங்கியது. சங்கத் தலைவர் முன்னால் வந்து, "ஊரணிக்கு வாங்க. அந்தம்மா காத்த தண்ணி. அதுல கால் நனைச்சுட்டுப் போறதுதான் அவுகளுக்கு மரியாதை" என்றார். அதுவும் சரிதான் என்று கூட்டம் ஊரணிப் பக்கம் திரும்பியது. தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கினார்.

எனக்கு எப்படித்தான் அவ்வளவு வேகம் வந்ததோ! ஓடிப் போய் அவர் தோளைப் பிடித்து மேலே இழுத்தேன். "காலை எடுங்கய்யா! மரியாதையாம் மரியாதை! பதினாறு வருஷம் ஒரு கால் பட விடாமக் காத்தாக. அவுக வெந்து முடியறதுக்குள்ள ஊரே இறங்கிக் காலை விடுவீகளா?" என்று கத்தினேன். கூட்டம் அப்படியே நின்றது. சுப்பையா, எழுபதைத் தாண்டியவர், பனந்தடியில் ஏறிக் கயிற்றை இறக்கினார். கரைக்கு வெகு தள்ளி, தண்ணீர் திரும்ப உள்ளே வழியாத இடத்தில், ஒவ்வொருவர் காலிலும் நான் ஊற்ற ஆரம்பித்தேன். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

தலைவர் முறை வந்தது. கோபத்தை மறைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன இருந்தாலும் அந்தம்மா செஞ்ச தப்புக்குப் பரிகாரம் பண்ணிட்டுத்தான் போயிருக்காக" என்றார்.

நான் செம்பைக் கீழே வைத்தேன். துண்டறிக்கை எந்த வருஷம் வந்தது, யார் வாங்கியது, எந்த அலமாரியில் விரித்தது, இன்ஸ்பெக்டர் யாரிடம் கேட்டார், யார் யாரை வாயை மூடச் சொன்னார் என்று அத்தனையையும் வரிசையில் நின்ற ஊருக்குச் சொன்னேன். தலைவர் காலை நனைக்காமலே திரும்பி நடந்தார். ஐந்தாம் நாள் அவர்தான் பிராயச்சித்தம் என்று எழுதிக்கொண்டு வந்தார்.

மதினி, ஊருக்கு முன்னால் உங்கள் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால்கூடக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குழந்தைகளின் காலைக் கெடுத்தது நீங்கள் அல்ல, நான். இதை இனி யார் எங்கே கேட்டாலும் சொல்வேன். உங்கள் தலையில் நாங்கள் ஏற்றிய பழி உங்களோடு எரியவில்லை. அது என்னிடம் இருக்கிறது. நீங்கள் போய் வாருங்கள்.